தோல்மேல் அதிரும் தந்தி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பேஞ்சோ என்ற பெயரைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு, இடக்கையால் விசைகளை அழுத்தி வலக்கையால் தந்திகளை மீட்டும் புல்புல்தாரா நினைவுக்கு வந்திருக்கலாம். நம் நாட்டின் பல பகுதிகளில், குறிப்பாக மராட்டிய மாநிலத்தில், அதனையும் பேஞ்சோ என்றே அழைக்கிறார்கள். அது 1912-இல் ஜப்பானின் நகோயா நகரில் கோரோ மோரிட்டா உருவாக்கிய தைஷோகோட்டோ என்னும் கருவியின் வழியில் வந்தது. அதில் தோல் கிடையாது. நான் இன்று பேச இருப்பது வேறொரு கருவியைப் பற்றி. ஆப்பிரிக்க மக்களோடு கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்று, அங்கிருந்து உலகின் வெகுமக்கள் இசைக்குள் நுழைந்த அசல் பேஞ்சோவைப் பற்றி.

இளமையில் சில ஆண்டுகள் வீணை பயின்றவன் என்பதால், ஒரு தந்திக் கருவியைக் கேட்கும்போது அதன் நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையே என் காது முதலில் கவனிக்கும். நல்ல பலா மரத்தில் கடைந்த வீணையில் ஒரு முறை மீட்டினால், அந்த ஒரே மீட்டில் இரண்டு மூன்று சுரங்களை இழைத்துக் காட்டலாம். பேஞ்சோவில் அது நடவாது. மீட்டிய கணத்தில் ஒலி பளிச்சென்று எழுகிறது. எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடுகிறது. முதன்முதலாகக் கேட்டபோது இதை அக்கருவியின் குறை என்றே எண்ணினேன். வெகுகாலம் கேட்ட பிறகுதான், அந்தக் கருவியின் வரலாறும் அழகும் இந்த ஒரே இயல்பிலிருந்து கிளைத்தவை என்பது விளங்கியது.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. வீணையிலும் கிட்டாரிலும் தந்திகளைத் தாங்கும் குதிரை மரப்பலகையின்மேல் நிற்கிறது. பேஞ்சோவில் அது, ஒரு வட்டச் சட்டத்தின்மேல் இறுக இழுத்துக் கட்டிய தோலின்மேல் நிற்கிறது. மரப்பலகை கனமானது என்பதால், தந்தியின் அதிர்வைச் சிறிது சிறிதாகவே பெற்றுக் காற்றுக்குக் கொடுக்கும். தோல் மிக இலேசானது. தந்தியிலுள்ள ஆற்றலை ஒரே வீச்சில் வாங்கி ஒலியாக்கி விடுகிறது. அதனால் ஒலி உரத்து எழுகிறது, விரைவில் தீர்ந்தும் போகிறது. பாதி தந்திக் கருவி, பாதி தோற்கருவி என்று சொன்னால் மிகையாகாது. நம் பழைய யாழின் பத்தர் என்னும் ஒலிக்குடமும் தோல் போர்த்தியதுதான் என்பதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. ஆகவே இந்த அமைப்பு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

இக்கருவியின் முன்னோர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் ஒலிக்கிறார்கள். செனகல், காம்பியா நாடுகளில் வாழும் ஜோலா மக்களின் அகோன்டிங் அவற்றுள் ஒன்று. ஒரு பெரிய சுரைக்குடுக்கை, அதன் வாயை மூடிய ஆட்டுத்தோல், குடுக்கையை ஊடுருவிச் செல்லும் நீண்ட கழி, மூன்று தந்திகள். அந்த மூன்றில் ஒன்று குட்டையானது. கட்டைவிரலுக்கு உரிய அந்தத் தந்தியில் சுரம் மாறுவதில்லை. நம் வீணையின் பக்கவாட்டில் இருக்கும் தாளத் தந்திகளைப் போல, ஒரே சுரத்தை இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். இன்றைய ஐந்து தந்திப் பேஞ்சோவிலும் ஐந்தாம் தந்தி குட்டையானதே. அதனை முறுக்கும் பிரடை தண்டியின் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜாட்டா என்பவர் தம் மக்களின் இந்தக் கருவியை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்ன பிறகு, அமெரிக்கக் கிராமத்துப் பேஞ்சோக்காரர்கள் நகத்தின் வெளிப்புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் குட்டைத் தந்தியை மீட்டும் முறைக்கும், அகோன்டிங் வாசிக்கும் முறைக்கும் உள்ள ஒற்றுமை பலரை வியக்க வைத்தது.

அடிமைப்படுத்திக் கப்பலேற்றப்பட்ட மக்களால் எந்தப் பொருளையும் கையோடு கொண்டுசெல்ல முடிந்திருக்காது. கொண்டுசென்றது கைகளில் தங்கிய பழக்கமும் காதில் தங்கிய ஒலியுமே. போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைத்த சுரைக்குடுக்கையையும் தோலையும் கொண்டு, அவர்கள் அந்த ஒலியை மீண்டும் கட்டி எழுப்பினார்கள். 1687-இல் ஜமைக்காவுக்குச் சென்ற, அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், அங்கே கண்ட இத்தகைய கருவிகளின் படத்தை 1707-இல் வெளியான தம் நூலில் சேர்த்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவில் தீட்டப்பட்ட ஒரு நீர்வண்ண ஓவியத்தில், ஒரு கறுப்பினத்தவர் சுரைக்குடுக்கைப் பேஞ்சோவை வாசிக்க, மற்றவர்கள் ஆடுகிறார்கள். குட்டைத் தந்தியும் அந்த ஓவியத்தில் தெளிவாகத் தெரிகிறது.

இந்த ஓவியத்தை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்ற வெள்ளை இனக் கலைஞரே குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தார் என்ற கதை நெடுங்காலம் வழங்கி வந்தது. ஸ்வீனி பிறந்ததே 1810-இல்தான். கறுப்பின மக்களிடம் பேஞ்சோவைக் கற்றுக்கொண்டு பெரிய மேடைகளுக்கு எடுத்துச் சென்றவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. படைத்தவர் என்ற பெருமை அவருடையதன்று.

பேஞ்சோ மேடைக்கு வந்த விதம் பெருமைப்படத் தக்கதாக இல்லை. 1843-இல் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற குழு நியூயார்க்கில் அரங்கேறியது. வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களின் பேச்சையும் நடையையும் கேலி செய்து, அவர்களுடைய கருவியையே வாசித்துக் காட்டினார்கள். இத்தகைய நிகழ்ச்சிகள் அமெரிக்காவெங்கும் பெருங்கூட்டத்தைக் கூட்டின. கடல் கடந்து இங்கிலாந்திலும் கொண்டாடப்பட்டன. பேஞ்சோ வெகுமக்கள் இசைக்குள் வந்த வாசல் இதுதான். தம்மை இழிவுபடுத்தப் பயன்பட்ட கருவியைக் கறுப்பின இசைஞர்கள் பலர் பிற்காலத்தில் கைவிட்டதற்கு இந்த அவமானமும் ஒரு காரணம். அதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

அடுத்துவந்த காலத்தில், நான் முதலில் சொன்ன அந்த ஒலியியல்பு பேஞ்சோவுக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. 1890-களில் ஒலிப்பதிவு செய்யும்போது ஒலிவாங்கி கிடையாது. ஒரு பெரிய கூம்பின் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். மென்மையான கருவிகளின் நாதம் அந்தக் கூம்புக்குள் எட்டாமல் போக, பேஞ்சோவின் கூர்மையான ஒலி மெழுகு உருளையில் தெளிவாகப் பதிந்தது. வெஸ் ஆஸ்மன் போன்ற பேஞ்சோ வித்வான்கள் ஒலிப்பதிவுத் தொழிலின் முதல் தலைமுறை நட்சத்திரங்களாக விளங்கியதற்கு இது முக்கியமான காரணம்.

ஜாஸ் குழுக்களிலும் நிலைமை அதுவே. கார்னெட், டிராம்போன் ஆகிய ஊதுகருவிகள் முழங்கும் கூட்டத்தில், ஒலிபெருக்கி இல்லாத கிட்டார் எடுபடாது. நான்கு தந்திகள் கொண்ட டெனர் பேஞ்சோ அந்த முழக்கத்தையும் துளைத்துக்கொண்டு கேட்டது. 1925 நவம்பரில் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் தம் ஹாட் ஃபைவ் குழுவுடன் பதிவு செய்யத் தொடங்கிய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் குழுவில் முரசு வாசிப்பவர் இல்லை. ஜானி செயின்ட் சைரின் பேஞ்சோவும் லில் ஹார்டினின் பியானோவுமே தாளத்தைத் தாங்கி நிற்கின்றன. ஒலி உடனே அடங்கிவிடுவதால் ஒவ்வோர் அடியும் வெட்டி வைத்தாற்போல் தனியாக நிற்கிறது. ஆடுபவர்களின் கால் தடுமாறாது. மின் ஒலிவாங்கிகள் பரவி, இசைக்குழுக்கள் மெல்லிய, வழுக்கிச் செல்லும் தாளத்தை நாடத் தொடங்கிய பிறகு, 1930-களின் தொடக்கத்தில் கிட்டார் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இனி நான் சற்று நின்று பேச விரும்பும் மனிதரிடம் வருகிறேன். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1924-இல் வட கரோலினாவின் ஃபிளின்ட் ஹில் என்ற கிராமத்தில், உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவரும் அண்ணன் ஹாரஸும் சிறுவர்களாக இருந்தபோது ஒரு பயிற்சி செய்வார்களாம். இருவரும் ஒரு பாட்டை ஒன்றாகத் தொடங்கி, வாசித்துக்கொண்டே வீட்டை எதிரெதிர்த் திசைகளில் சுற்றி வருவார்கள். பின்புறத்தில் சந்திக்கும்போது தாளம் பிசகாமல் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். தாளத்தை இப்படி உடம்பில் ஏற்றிக்கொண்ட ஒருவரால்தான் அவர் பின்னாளில் செய்ததைச் செய்திருக்க முடியும்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும் நகப்பூண்களை அணிந்து மீட்டும் வழக்கம் அவர் பிறந்த வட்டாரத்தில் முன்பே இருந்தது. ஸ்க்ரக்ஸ் அதனை ஓர் இடையறாத ஓட்டமாக மாற்றினார். எட்டு நுண்ணடிகளை மூன்று, மூன்று, இரண்டு என்று அவருடைய விரல்கள் பிரித்துக்கொண்டு ஓடும். மிருதங்கச் சொல்லில் சொல்வதானால் தகிட தகிட தக. அடியில் கிட்டாரும் பாஸும் நேரான தாளத்தில் நடக்க, மேலே இந்தப் பிரிவு உருண்டு செல்லும்போது, அழுத்தம் எதிர்பாராத இடங்களில் விழுந்து கேட்பவரை முன்னுக்கு இழுக்கிறது. பாட்டின் சுரங்கள் இந்த ஓட்டத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். மற்ற சுரங்கள் அவற்றைச் சுற்றி மினுமினுக்கும். நாதம் நிற்காத கருவியில் கார்வைக்கு வழி இல்லை. அந்த வெற்றிடத்தை அடுத்த சுரத்தால் உடனுக்குடன் நிரப்பியே ஸ்க்ரக்ஸ் ஒரு புதிய அழகைக் கண்டார். அதே வேகத்தில் வீணையிலோ கிட்டாரிலோ வாசித்தால் ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின்மேல் படிந்து கலங்கிப் போகும். பேஞ்சோவில் ஒவ்வொரு சுரமும் கழுவி வைத்த கூழாங்கல்போல் தெளிவாக இருக்கிறது.

1945 டிசம்பரில் அவர் பில் மன்ரோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் சேர்ந்தார். நாஷ்வில் நகரிலிருந்து டபிள்யூ.எஸ்.எம். வானொலி ஒலிபரப்பிய கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாட்டுப்புற இசை நிகழ்ச்சியில் அவருடைய விரல்வேகம் கேட்டது. நாட்டுப்புற மேடைகளில் பேஞ்சோ பெரும்பாலும் நகைச்சுவையாளரின் கைப்பொருளாக இருந்த காலம் அது. ஸ்க்ரக்ஸுக்கு முன் அதே குழுவில் பேஞ்சோ வாசித்த ஸ்ட்ரிங்பீனும் நகைச்சுவைக் கலைஞரே. முகம் காட்டாத வானொலியில், வேடிக்கை காட்டாமல், வாசிப்பால் மட்டுமே ஓர் இளைஞர் அந்தக் கருவிக்கு மதிப்பைப் பெற்றுத் தந்தார் என்பது, ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கும் எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. பின்னர் லெஸ்டர் ஃபிளாட்டுடன் தனிக்குழு அமைத்து, 1949 டிசம்பரில் அவர் பதிவு செய்த ‘ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்’ என்ற கருவியிசை, 1967-இல் வெளியான ‘பானி அண்ட் கிளைட்’ திரைப்படத்தில் கார்கள் விரையும் காட்சிகளுக்கு ஒலித்து, மன்ரோ குழுவின் பெயரால் வழங்கும் இந்த இசைவகையான புளூகிராஸ் என்ற சொல்லையே அறியாதவர்களையும் சென்றடைந்தது.

அதே காலத்தில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பேஞ்சோவை வேறொரு பணிக்கு எடுத்துக்கொண்டார். தம் குரலுக்கு ஏற்ற சுருதிகளில் பாட வசதியாகத் தண்டியை, சுரங்களைப் பிரிக்கும் மெட்டுகள் மூன்று கூடும் அளவுக்கு நீட்டிக்கொண்டார். இந்தக் கருவி வெறுப்பைச் சுற்றி வளைத்துச் சரணடையச் செய்கிறது என்ற பொருள்பட, பேஞ்சோவின் தோலின்மேல் எழுதியும் வைத்தார். ஊர்வலங்களிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோரைச் சேர்ந்து பாடவைக்க அவருக்கு அந்த ஒற்றைக் கருவி போதுமானதாக இருந்தது.

ராக், பாப் இசையமைப்பாளர்கள் பேஞ்சோவைப் பெரும்பாலும் ஒரு சிட்டிகை அளவே சேர்க்கிறார்கள். 1972-இல் ஈகிள்ஸ் குழுவின் ‘டேக் இட் ஈசி’ பாடலில் பெர்னி லெடன் வாசித்த பேஞ்சோ இதற்கு நல்ல சான்று. கவனித்துக் கேட்காவிட்டால் அது இருப்பதே தெரியாமல் போகலாம். எடுத்துவிட்டால் பாட்டின் துள்ளல் குறைந்துவிடும். மேல் சுருதியில், பாடுபவரின் குரலுக்கு இடைஞ்சல் செய்யாமல், ஒலித்து ஒலித்து ஒதுங்கிக்கொள்ளும் கருவி வேறு எளிதில் கிடைக்காது. இங்கிலாந்தின் மம்ஃபர்ட் அண்ட் சன்ஸ் குழு இதற்கு மாறாக அதை முன்னணியில் நிறுத்தி, ‘பேபல்’ தொகுப்புக்காக 2013-இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அந்தக் குழுவின் வாசிப்பில் விரல்நுட்பம் குறைவு என்பது என் கருத்து. ஆனால் அரங்கம் நிறைந்த கூட்டத்தைக் கிளர்த்தும் ஆற்றல் அதில் உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

நம் நாட்டு இசையோடும் இக்கருவி உறவாடியிருக்கிறது. பேஞ்சோ மேதை பேலா ஃபிளெக், மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டுடன் 1996-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஜாகிர் உசேன், ராகேஷ் சௌராசியா, எட்கர் மேயர் ஆகியோருடன் சேர்ந்து அவர் வாசித்த இசைக்கு 2024-இல் கிராமி விருதுகள் கிடைத்தன. பேஞ்சோவின் நடைவேகமும் தபலாவின் சொற்கட்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதை அந்த இசையில் கேட்கலாம்.

இதற்கிடையே, 2005-இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பேஞ்சோ கலைஞர்களும் ஆய்வாளர்களும் ஒன்றுகூடினார்கள். அங்கே சந்தித்துக்கொண்ட ரியானான் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய மூன்று இளைஞர்கள், முதியவரான ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனிடம் பழைய பாட்டுகளைக் கற்று, கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவை உருவாக்கினார்கள். கிடன்ஸ் வாசிக்கும் பேஞ்சோக்களில் ஒன்று, 1858-ஆம் ஆண்டின் ஒரு பேஞ்சோவைப் பார்த்துச் செய்தது, மெட்டுகள் இல்லாதது. அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் வழுக்கிச் செல்லும்போது, கமகத்துக்குப் பழகிய நம் காது தானாகவே நிமிர்ந்துகொள்கிறது.

2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ பாடல் வெளிவந்தது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களுக்கான பில்போர்டு வரிசையில் கறுப்பினப் பெண் ஒருவரின் பாடல் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. அந்தப் பாடலின் தொடக்கத்தில், குரல் எழுவதற்கு முன் பேஞ்சோ ஒலிக்கிறது. வாசித்தவர் ரியானான் கிடன்ஸ். முகத்தில் கரி பூசியவர்களின் மேடையில் வெகுமக்கள் இசைக்குள் நுழைந்த கருவி, 181 ஆண்டுகள் கழித்து, அதனை உருவாக்கிய மக்களின் வழிவந்த ஒரு பெண்ணின் விரல்களில், கோடிக்கணக்கானோர் காதில் விழுந்தது.

பொறுமையோடு கேட்ட நேயர்களுக்கும் வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் என் நன்றி. வணக்கம்.