சிறிய கடல்நீர்த் தொட்டியில் மீன்கள் காரணம் தெரியாமல் இறப்பது ஏன்?

[காட்சி: 50 லிட்டர் கண்ணாடித் தொட்டி. மணல்மேல் ஒரு க்ளவுன் மீன் பக்கவாட்டில் கிடக்கிறது.]

நேற்று இரவு நன்றாக இரையெடுத்த மீன், இன்று காலை மணலில் கிடக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சான அம்மோனியா இல்லை என்கிறது சோதனைக் குழாய். காரணமே தெரியவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மீன் எந்த நேரத்தில் இறந்தது? முதல் அறிகுறிக்கும் இறப்புக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது? தொட்டியில் இன்னும் உயிரோடு இருப்பவை எவை? பல நேரங்களில் சோதனைக் குழாயைவிட இந்தத் தாளே பயன்படும். ஏனெனில், குழாய் அளப்பது இந்த நிமிடத்துத் தண்ணீரை. மீனைக் கொன்றதோ பின்னிரவு மூன்று மணித் தண்ணீராக இருக்கலாம். அம்மோனியா தெரிந்தாலும் அதையே குற்றவாளியாக்கிவிட முடியாது. பாறை இடுக்கில் அழுகும் ஒரு மீனே அதை உண்டாக்கியிருக்கக்கூடும்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம், அதுதான் வழியை விரைவாகக் குறுக்கும். மீன்கள் மட்டும் ஒவ்வொன்றாக இறக்க, இறாலும் நத்தையும் வழக்கம்போல நடமாடினால், தண்ணீரில் நஞ்சு கலந்திருக்க வாய்ப்பு குறைவு. மீனை மட்டும் தாக்கும் ஒட்டுண்ணியையோ, ஆக்சிஜன் பற்றாக்குறையையோ, மீன்களுக்குள் நடக்கும் சண்டையையோ சந்தேகிக்கலாம். மாறாக, இறால் முதலில் இறந்து அதன் பிறகு மீன்கள் தடுமாறினால், செம்பு அல்லது பூச்சிக்கொல்லி என்ற திசையில் தேட வேண்டும். செம்பு கலந்த மருந்து முன்பு ஊற்றப்பட்ட பழைய தொட்டியை வாங்கியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அந்தச் செம்பு சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாக வெளியே வரும்.

[காட்சி: சுவர் ப்ளக்கில் திரவக் கொசுவிரட்டி. அருகிலேயே ஏர் பம்ப் ஓடுகிறது.]

பூச்சிக்கொல்லி என்றதும் வயலை நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் இரவு முழுவதும் எரியும் கொசுவிரட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள். மனிதருக்கு அவை பெரிதாகத் தீங்கு செய்யாமல் இருக்கலாம், மீனுக்கும் இறாலுக்கும் அவை கடும் நஞ்சு. ஏர் பம்ப் அறைக்காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும் கருவி என்பதால், அதே அறையில் கொசுவிரட்டி எரிவது தொட்டிக்குள் அதை ஊதிவிடுவதற்குச் சமம். கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் அப்படித்தான். வெளிநாட்டு வழிகாட்டிகளை மட்டும் படித்துத் தொட்டி வைப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். தொட்டி இருக்கும் அறைக்குக் கொசுவலையே ஏற்றது.

அடுத்து, இறந்த நேரம். விடியற்காலையில், அதிலும் பெரிய மீன் முதலில் இறந்தால், ஆக்சிஜனைப் பாருங்கள். 26 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் தாங்குவது 7 மில்லிகிராமுக்கும் குறைவு. வெப்பம் கூடக்கூட அதுவும் குறையும். விளக்கு அணைந்த பிறகு பாசியும் ஆக்சிஜனை உற்பத்தி செய்வதை நிறுத்தி, மீனோடு சேர்ந்து அதைச் செலவழிக்க மட்டுமே செய்கிறது. சென்னை போன்ற ஊரில் சித்திரை, வைகாசி இரவுகளில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியிருக்க, மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமும் மேலே இறுகிய மூடியும் இருந்து, நடுவில் ஒரு மணி நேரம் மின்சாரமும் போய்விட்டால், காலையில் நீங்கள் சோதிக்கும்போது எல்லா அளவுகளும் சரியாகவே இருக்கும், மீன் மட்டும் இருக்காது. தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்பான பவர்ஹெட்டை மேற்பரப்பு அலையும்படி திருப்பி வைப்பதும், பேட்டரியில் ஓடும் ஒரு ஏர் பம்பைக் கையிருப்பில் வைப்பதும் இதற்குப் போதும்.

[காட்சி: கண்ணாடியில் ஒட்டிய டேப் குறி. நீர்மட்டம் அதற்குக் கீழே இருக்கிறது.]

சிறிய தொட்டிக்கே உரிய வம்பு, உப்பு. 50 லிட்டரில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், தண்ணீர் போகும், உப்பு அங்கேயே தங்கும். ஒரு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பினால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பளவு ஏறத்தாழ 41 ஆகியிருக்கும். அதைவிட மோசம், பதறிப்போய் ஏழு லிட்டர் நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றுவது. ஆவியான அளவை உப்பு கலந்த நீரால் ஈடுசெய்வதும் பலர் செய்யும் பிழை. நாள்தோறும் அப்படி ஊற்றினால், மட்டம் சரியாகவே தெரிய, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஈடுசெய்ய ஆர்.ஓ. தண்ணீரே ஏற்றது. அளவு சரியாகத்தான் காட்டுகிறதே என்பவர்கள், உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுள்ள திட்டக் கரைசலால் சரிபார்த்தார்களா என்று தங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

இனி இரண்டாவது கேள்வி, முதல் அறிகுறிக்கும் இறப்புக்கும் இடையேயான நேரம். புதிய மீன் வந்த சில நாட்களில் நிகழும் இறப்பில் இது உதவும். மூச்சு வேகமாகி, பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்று, ஓரிரு நாளில் இறந்தால், மரைன் வெல்வெட் எனப்படும் அமைலூடினியம் ஒட்டுண்ணியை முதலில் சந்தேகியுங்கள். அது முதலில் செவுளைத் தாக்குவதால், தோலில் தூசு படிந்ததுபோல் தெரிவதற்கு முன்பே மீன் இறந்துவிடும். "காரணம் தெரியாத இறப்பு" என்று சொல்லப்படுவதில் நல்ல பங்கு இதுதான் என்பது என் எண்ணம். வெண்புள்ளி நோயான க்ரிப்டோகேரியன் மெதுவாகக் கொல்லும், ஆனால் அதன் கூடுகள் மணலிலும் பாறையிலும் வாரக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்து, முதன்மைத் தொட்டியைப் பத்து வாரங்களுக்கு மேல் மீனில்லாமல் விட வேண்டியிருக்கிறது. செம்பு மருந்தை அந்தத் தனித் தொட்டியில் மட்டுமே, செம்புச் சோதனைக் கருவியால் அளந்து பயன்படுத்த வேண்டும்.

புதிய மீனைப் பழக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வீடு வந்த மீன் பையில், சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் சேர்ப்பது நல்லதே. விமானத்தில் வந்து, ஒரு நாள் முழுக்க மூடியிருந்த பையில் அதைச் செய்யக் கூடாது. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்குவதால், அம்மோனியா அதிகத் தீங்கற்ற அம்மோனியமாக இருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியம் மீண்டும் நச்சு அம்மோனியாவாகி, மீன் தன் கழிவிலேயே வெந்துபோகிறது. புதிய மீனை முதலில் விடும் தனித் தொட்டியின் உப்பளவை முன்கூட்டியே பைத் தண்ணீருக்கு இணையாக்கி, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுவதே பாதுகாப்பு.

இறந்த மீனைத் தின்றுகொண்டிருக்கும் முட்புழுவையும் சங்கு நண்டையும் கொலைகாரர்கள் என்று தூக்கி எறியாதீர்கள். அவை பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்கள். நானும் ஒருமுறை பாவம் ஒரு புழுவை வெளியேற்றினேன்; அடுத்த வாரம் இன்னொரு மீன் இறந்தது.

[காட்சி: வெள்ளைத் தட்டில் மீன். செவுள் மூடி திறக்கப்படுகிறது.]

கடைசியாக, அந்த மீன். இறந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால் மட்டுமே பயன். கிழிந்த துடுப்பு சண்டையைக் காட்டும், ஒட்டிய வயிறு பட்டினியைக் காட்டும். செவுளிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு சொட்டுத் தொட்டி நீரில் வைத்து, பள்ளி நுண்ணோக்கியில் நூறு மடங்கு பெருக்கிப் பாருங்கள்: இழைகளில் கரிய, முட்டை வடிவ உருண்டைகள் ஒட்டியிருந்தால், அது வெல்வெட். மீதமுள்ள மீன்களை அன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.