பின்னால் வந்தவர்களும் உரிமையுள்ள ரசிகர்களே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கேட் புஷ் என்ற ஆங்கிலப் பாடகியை 1978 முதல் பின்தொடர்ந்தவர்களே அவருடைய உண்மையான ரசிகர்கள் என்றும், 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அவருடைய 'ரன்னிங் அப் தட் ஹில்' என்ற ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள் வெறும் விருந்தாளிகள் என்றும் எதிரணித் தலைவர் வாதிட்டார். மூத்தவர்களின் பொறுமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1979ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு, 2014இல்தான் அவர் மீண்டும் தொடர் மேடை நிகழ்ச்சிகளை நடத்தினார். 1993க்கும் 2005க்கும் நடுவே ஒரு புதிய ஆல்பம்கூட வரவில்லை. அத்தனை காலமும் கைவிடாமல் இருந்தவர்களுக்கு என் மரியாதை என்றும் உண்டு.

ஆனால் தொலைக்காட்சி வழியாக வந்தவர்கள் என்பதே குற்றம் என்றால், அந்தக் குற்றத்தைச் செய்தவர்களில் கேட் புஷ்ஷும் ஒருவர், நடுவர் அவர்களே! ஆங்கில எழுத்தாளர் எமிலி பிராண்டியின் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலைப் படித்துவிட்டா அவர் அதே பெயருள்ள பாடலை எழுதத் தொடங்கினார்? பிபிசி தொடராக வந்த அந்தக் கதையின் கடைசிச் சில நிமிடங்களைப் பார்த்ததுதான் அவரைத் தூண்டியது. நாவலைக் கையில் எடுத்தது அதற்குப் பிறகு. அந்தப் பாடல் 1978இல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பெற்றது. தானே எழுதிய பாடலால் அங்கே முதலிடத்தைத் தொட்ட முதல் பெண் அவர்தான். அவரை எமிலி பிராண்டியின் வாசகி இல்லை என்று சொல்ல எதிரணியினருக்குத் துணிவு உண்டா?

அடுத்து, பிள்ளைகளுக்குப் பாட்டு புரியவில்லை என்றார்கள். 'ரன்னிங் அப் தட் ஹில்', ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் ஓர் ஆணும் பெண்ணும் கடவுளிடம் பேரம் பேசி இடம் மாறிக்கொள்ள முடியாதா என்று ஏங்கும் பாடல். தொடரில், கண்ணெதிரே சகோதரனைப் பறிகொடுத்து, குற்ற உணர்ச்சியில் யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப்போன மேக்ஸ் என்ற சிறுமி அதைத்தான் ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். சாவின் பிடியில் அந்தரத்தில் தொங்கும்போது, தோழர்கள் அவள் காதில் ஒலிக்கவிடும் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு திரும்புகிறாள். அந்தக் காட்சியில் கலங்கிய இளையோருக்குப் பாட்டின் பொருள் எட்டவில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம்வரை சென்ற அந்தப் பாடல், 37 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில் முதலிடத்துக்கு வந்தது. அந்த இடத்துக்கு அதைக் கொண்டுசேர்த்ததில் இந்த விருந்தாளிகளின் பங்கு பெரிது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாடல் இடம்பெற்ற 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பத்தின் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால், இரவுக் கடலில் தனியே மிதக்கும் ஒரு பெண்ணின் கதை ஏழு பாடல்களாக விரியும். ஒற்றைப் பாட்டோடு நிற்பவர்கள் அதை இழக்கிறார்கள். ஆனால் 2022இல் அந்த ஆல்பமும் தரவரிசைக்குத் திரும்பியதே! ஒரு பாட்டைத் தாண்டியும் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? மிச்சமிருப்பவர்களுக்கு மறுபக்கத்தை எடுத்துக் கொடுப்பது மூத்தவர்களின் கடமை அல்லவா?

பேட்டிகளை அரிதாகவே தரும் கேட் புஷ், அந்த ஆண்டு பிபிசி வானொலியில் பேசியபோது, தன் பாடலை முதன்முறையாகக் கேட்கும் இளையோரை நினைத்து மனம் நிறைந்து மகிழ்ந்தார். பாடியவரே வரவேற்றவர்களை வாசலில் நிறுத்த எதிரணிக்கு என்ன உரிமை என்று கேட்டு, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே.