வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

சூரிச்சில் ஒப்பரா மாளிகைக்கு முன்னால் நிலத்துக்குக் கீழே ஒரு வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. இங்கே வந்திருப்பவர்களில் பலர் அதில் காரை விட்டிருப்பீர்கள். அதைக் கட்டுவதற்காக 2010ஆம் ஆண்டு தோண்டியபோது, அடியிலிருந்து ஒரு கதவு வந்தது. உடைந்த துண்டு இல்லை, முழுக் கதவு. உயரம் ஏறக்குறைய 153 சென்டிமீட்டர், அகலம் 88. பலகைகளை அவ்வளவு நுட்பமாகப் பொருத்தியிருக்கிறார்கள். அது திறந்து மூடிய குடுமிகூட நல்லபடியாக இருந்தது. கதவின் காலம் ஏறத்தாழ கி.மு. 3063. எகிப்தின் பெரிய பிரமிட்டைவிட சுமார் 500 ஆண்டு மூத்தது.

153 சென்டிமீட்டர் என்றால் நான் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். அந்த வீட்டுக்காரரும் குனிந்துதான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். மாரிகாலத்தில் ஏரிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசல் சின்னதாக இருந்தால்தான் வீட்டுக்குள் சூடு தங்கும்.

சரி, அது யார் வீட்டுக் கதவு? தொல்லியலாளர்கள் ‘ஹோர்கன் பண்பாடு’ என்பார்கள். ஹோர்கன் எது? இதே ஏரியின் இடது கரையில் இருக்கும் ஊர்தான். ரயிலில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். அங்கே ஒரு வகைப் பானை கிடைத்தது. பிறகு அதே மாதிரிப் பானை கிடைத்த எல்லா இடங்களுக்கும் அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். கோர்தையோ, ப்ஃபின் என்று நீங்கள் படிக்கிற மற்றப் பண்பாட்டுப் பெயர்களும் இப்படி வந்த ஊர்ப் பெயர்கள்தான். அந்த மக்கள் தங்களை என்ன பெயரில் அழைத்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தில், இந்தப் பழங்காலப் பண்பாடுகளைக் குறித்த சுவிஸ் நாட்டு வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். மேற்கே ஒரு வண்ணம், கிழக்கே ஒரு வண்ணம், நடுவில் ஒரு கோடு. தெற்கே மலைப்பக்கம் பெரும்பாலும் வெள்ளையாக விட்டிருக்கும். அந்த வண்ணமும் அந்தக் கோடும் அந்த வெள்ளையும் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1853-54 மாரிகாலத்தில் சூரிச் ஏரி வழக்கத்துக்கு மாறாக வற்றியது. ஓபர்மைலன் கரையில் இருந்தவர்கள் அந்தச் சமயம் பார்த்து ஏரிப்பக்கம் மண் போட்டுத் தங்கள் நிலத்தைப் பெரிதாக்கினார்கள். மண்ணை வெட்டினால் வரிசை வரிசையாக மரத்தூண்கள். இடையிடையே கல் கோடரிகள், மான்கொம்புகள், பானை ஓடுகள். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஜொஹானஸ் ஏப்லி இதைச் சூரிச்சில் இருந்த தொல்பொருள் சங்கத்துக்கு எழுதி அறிவித்தார். சங்கத் தலைவர் ஃபெர்டினாண்ட் கெல்லர் வந்து பார்த்தார், 1854லேயே அறிக்கை வெளியிட்டார். தண்ணீருக்கு மேலே ஒரு பெரிய மேடை, மேடைமேல் ஊர் முழுவதும், சுற்றிலும் ஓடங்கள் என்று அவர் அதைக் கற்பனை செய்தார். நியூகினித் தீவின் கடலோர வீடுகளைப் பயணிகள் வரைந்த படங்கள் அந்தக் கற்பனைக்கு உதவின. அங்கே வாழ்ந்தவர்கள், ரோமர் வருமுன் இந்தப் பக்கம் இருந்த கெல்ட் மக்கள் என்றும் எழுதினார்.

அந்தப் படம் நாடு முழுவதும் தீயாகப் பரவியது. காலத்தைப் பாருங்கள். சுவிஸ் கூட்டாட்சி உருவானது 1848இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் உள்நாட்டுப் போர் நடந்திருந்தது. ஜெர்மன் பேசுகிறவர், பிரெஞ்சு பேசுகிறவர், இத்தாலியன் பேசுகிறவர், கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மூதாதை தேவைப்பட்ட நேரத்தில், ஏரி அவர்களைக் கொண்டுவந்து கரையில் வைத்தது. அதே ஆண்டுகளில்தான் ஜெனரல் துஃபூர் இந்த நாட்டை முதன்முதலாக ஒரே அளவில், 1:100,000 என்று, தாள் தாளாக அச்சிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படத் தொகுதி 1845இல் தொடங்கி 1865இல் முடிந்தது. நிலத்துக்கு நல்ல வரைபடம் கிடைத்ததும் அதன்மேல் பழங்காலத்தையும் குறிக்கலாம் என்று ஆயிற்று. 1870களில் கெல்லரே கிழக்குச் சுவிஸுக்கு ஒரு தொல்லியல் வரைபடம் வெளியிட்டார்.

கெல்லர் சொன்ன பெரிய மேடை இருந்ததில்லை. 1950களில் எமில் ஃபோக்ட் என்ற தொல்லியலாளர் அதைக் கடுமையாக மறுத்தார். வீடுகள் ஏரிக்குள் இல்லை, கரையில் தரையோடு தரையாக இருந்தன, பிறகுதான் ஏரி ஏறி மூடியது என்றார். இன்று இரண்டுக்கும் இடம் கொடுக்கிறோம். சில வீடுகள் தரையில் நின்றன, வெள்ளம் வரும் கரைகளில் சில வீடுகள் கால் உயர்த்தி நின்றன. கெல்லரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் உடனே எழுதியதால்தான் அடுத்த பத்து ஆண்டில் ஏரிக்கு ஏரி ஆட்கள் தேட இறங்கினார்கள்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன். கி.மு. 3900 முதல் 3500 வரையிலான காலத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கே கோர்தையோ, கிழக்கே ப்ஃபின். கோர்தையோப் பானைக்கு அடி உருண்டை, தரையில் தானாக நிற்காது. ப்ஃபின் பானைக்கு அடி தட்டை. கோர்தையோக்காரர்கள் சில பானைகளில் பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டையை மெல்லிய நாடாவாக வெட்டி, அதே மரத்திலிருந்து காய்ச்சி எடுத்த கறுப்புப் பிசினால் ஒட்டிக் கோலம்போல அலங்கரித்திருக்கிறார்கள். கறுத்த பானைமேல் வெள்ளைக் கோடு. 5,500 ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பட்டை ஒட்டிக்கொண்டு இருக்கிறது! காய்ந்த மண்ணில் கிடந்திருந்தால் என்றோ மக்கி உதிர்ந்திருக்கும். ஏரிச் சேற்றுக்குள் காற்று போகாது, அதனால் துணி, ரொட்டி, ஆப்பிள், கதவு எல்லாம் தப்பின.

மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்றதும் சிலருக்கு உடனே ஓர் ஆசை வரும். பிரெஞ்சு சுவிஸ், ஜெர்மன் சுவிஸ் பிரிவினை அப்போதே இருந்திருக்கிறது பார் என்பார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். ஜெர்மன் பேசிய அலெமன்னியர் இங்கே குடியேறியது ரோமர் ஆட்சி சரிந்த பிறகு. நடுவில் கிட்டத்தட்ட 4,000 ஆண்டு இடைவெளி. அதோடு அந்தக் கோடு நிலையாகவும் இல்லை. சூரிச்சில் கீழ் மண்ணடுக்கில் கோர்தையோப் பானை, மேல் அடுக்கில் ப்ஃபின் பானை. ஆட்கள் மாறினார்களா, அல்லது அதே ஊர்ப் பெண்கள் வேறு விதமாகப் பானை வனையப் பழகினார்களா? படத்தில் பூசும் வண்ணத்துக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். வாழ்ந்தவர்களுக்கு ஒன்றாக இருந்திருக்காது.

மரத்தூண்கள் இன்னொரு காரியமும் செய்தன. ஒவ்வோர் ஆண்டும் மரத்தில் ஒரு வளையம் கூடும். நல்ல மழை ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒடுக்கமாக. ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த வரிசை ஒன்றுபோல இருப்பதால், இன்று வெட்டிய ஓக் மரத்திலிருந்து பழைய வீட்டு உத்தரம், அதிலிருந்து இன்னும் பழைய தூண் என்று கைகோத்துப் பின்னோக்கிப் போகலாம். பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் மிஞ்சியிருந்தால், மரம் விழுந்த ஆண்டையே சொல்லிவிடலாம்.

போடன்சே ஏரிக்கரையில் ஆர்போன் என்ற ஊர். அங்கே கண்டெடுத்த ஒரு பழைய ஊரில் முதல் மரம் வெட்டியது கி.மு. 3384இல், கடைசி மரம் 3370இல். அப்புறம் தீப்பிடித்து எரிந்தது, யாரும் திரும்பி வரவில்லை. பதினைந்து ஆண்டு! அங்கே பிறந்த ஒரு குழந்தைக்கு மீசை அரும்பும் முன்னே ஊரே முடிந்துவிட்டது. மனிதக் கழிவில் மீன் நாடாப்புழுவின் முட்டைகள் இருந்தன. ஏரி மீனை அரைவேக்காட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். பானைகளைப் பார்த்தால் ப்ஃபினும் இல்லை, ஹோர்கனும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். தூரத்து டன்யூப் பக்கத்துப் பாணியும் கலந்திருக்கிறது. இந்த ஊருக்கு வரைபடத்தில் எந்த வண்ணம் பூசுவது? எனக்கு இந்தப் பண்பாட்டுப் பெயர்களைவிட ஆர்போனின் அந்தப் பதினைந்து ஆண்டுதான் பெரிது.

படத்தில் புள்ளிகள் எங்கே நெருங்கி இருக்கின்றன என்று பாருங்கள். நொஷாத்தெல், பீல், முர்த்தன் ஆகிய மூன்று ஏரிகளைச் சுற்றி மொய்க்கின்றன. 1868 முதல் 1891 வரை வெள்ளத்தைத் தடுக்க ஆறுகளைத் திருப்பி அந்த ஏரிகளின் மட்டத்தை ஏறத்தாழ 2.5 மீட்டர் இறக்கினார்கள். பழைய ஊர்கள் வெளியே வந்தன, பொறுக்கி விற்பவர்களும் வந்தார்கள். பிறகு நெடுஞ்சாலைகள். சாலை போடும் செலவிலேயே அகழாய்வுக்கும் பணம் ஒதுக்கியதால், சாலை போன வழியெல்லாம் புள்ளி. நொஷாத்தெல் கரையில் ஏ5 சாலைக்காகத் தோண்டியபோதுதான் பனிக்காலக் குதிரை வேட்டைக்காரர்களின் அடுப்புகள் கிடைத்தன. ஆக, நாம் தோண்டிய இடங்களைத்தான் இந்தப் படம் காட்டுகிறது. மக்கள் வாழ்ந்த இடம் முழுவதையும் அது காட்டவில்லை.

அப்படியானால் மலையில் யாரும் இல்லையா? சென் மோரிட்சில் 1907இல் நீரூற்றைச் சீர்செய்தபோது, அடியில் மரத்தால் கட்டிய ஊற்றுத்தொட்டி இருந்தது, உள்ளே வெண்கல வாள்கள். பிற்காலத்தில் வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். கி.மு. 1411ஐ ஒட்டி வெட்டிய லார்ச் மரம். கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே நின்று தச்சு வேலை செய்திருக்கிறார்கள்.

அப்புறம் 2003. அந்தக் கோடை வெயிலை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பேர்ன் பக்கத்து லெங்கிலிருந்து வலே பக்கத்துக்குப் போகும் ஷ்னிடெயோக் கணவாய், உயரம் 2,756 மீட்டர். அந்த வழியாக நடந்துபோன ஒரு பெண் உருகும் பனியின் ஓரத்தில் ஒரு பேர்ச் பட்டைத் துண்டைக் கண்டார். அது கி.மு. 2800ஐ ஒட்டிய ஒரு வில்லுறையின் பகுதி. தொல்லியலாளர்கள் திரும்பத் திரும்ப ஏறி, வில், அம்புகள், ஆட்டுத்தோல் காலுறை, ரோமர் செருப்பின் ஆணிகள் என நூற்றுக்கணக்கான பொருட்களை எடுத்தார்கள். மிகப் பழையவை 6,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. இந்தக் காலங்கள் தொடர்ச்சியாக இல்லை, கூட்டம் கூட்டமாக வருகின்றன. பனியாறு சுருங்கிய நூற்றாண்டுகளில் வழி திறந்தது, ஆட்கள் போனார்கள். பனி பெருத்தபோது வழி அடைபட்டது.

கணவாயின் அந்தப் பக்கம் இறங்கினால் ரோன் பள்ளத்தாக்கில் சியோன். அங்கே பெத்தி-ஷசெர் என்ற இடத்தில் 1961இல் கண்டுபிடித்த கல்லறைகளில் மனித உருவக் கற்பலகைகள் கிடைத்தன. உடையின் கட்டம் கட்டமான பின்னல்வரை செதுக்கியிருக்கிறார்கள், சிலவற்றில் வில்லும் அம்பும் உண்டு. கல்லில் செதுக்கிய வில்லும் பனியில் கிடந்த வில்லும் ஒரே ஆளுடையது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே படத்தில் குறித்தால், நடுவில் இருந்த வெள்ளை ஒரு நடைபாதையாகிறது.

இந்த நாட்டில் தொல்லியல் ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பு. அறிவியல் மதிப்புள்ள கண்டெடுப்பு எதுவும் அது கிடைத்த மாநிலத்துக்கே சொந்தம் என்று குடியியல் சட்டம் சொல்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியோடு மலைக்கு நடக்கப் போகிறார்கள், நாமும் கோடையில் போகிறோம். பனி ஓரத்தில் சீவிய குச்சி, தைத்த தோல், முறுக்கிய நார் எதையாவது கண்டால், அங்கேயே விட்டால் உடனே அழிந்துவிடும் என்றாலொழிய அதைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு கையுறையை வைத்துப் படமெடுங்கள், கைப்பேசியில் இடத்தைக் குறியுங்கள், கீழே இறங்கியதும் அந்த மாநிலத் தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தாமதிக்கவேண்டாம். பனியை விட்டு வெளியே வந்த தோல் வெயிலில் சில கோடைகள்தான் தாங்கும்.