தெரியாத வார்த்தைக்கு பயப்படாதீங்க, தெரிஞ்ச வார்த்தைக்கு பயப்படுங்க

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு இங்கிலீஷ் ஸ்லாங்கும் டெக்னிக்கல் வார்த்தைகளும். இந்த மாதிரி தலைப்புன்னா வழக்கமா ஒரு ஐம்பது வார்த்தைய வரிசையா சொல்லி அர்த்தமும் சொல்லிட்டு இறங்கிடுவாங்க, நான் அத பண்ணப் போறதில்ல, அதுக்குத்தான் டிக்‌ஷனரி இருக்கே. நான் சொல்ல வந்தது இதுதான்: இங்கிலீஷ்ல நம்மள கவுக்குறது தெரியாத வார்த்தை இல்ல. அது வந்தா நின்னுடுவோம், போன எடுத்து தேடுவோம், பக்கத்துல கேப்போம். தெரிஞ்ச வார்த்தை வந்தா நிக்கவே மாட்டோம், தாண்டிப் போய்ட்டே இருப்போம். மாட்டிக்கிறது அங்கதான்.

ஓகேவ எடுத்துக்குங்க. இத விட தெரிஞ்ச வார்த்தை உலகத்துலயே கிடையாது. இது பொறந்தது ஒரு மொக்க ஜோக்குல. 1839ல அமெரிக்காவுல வேணும்னே ஸ்பெல்லிங்க தப்பா வச்சுக்கிட்டு அந்தத் தப்போட முதலெழுத்துகள மட்டும் எழுதுறது ஒரு ஃபேஷனா இருந்துச்சு. ஆல் கரெக்ட்ங்கறத அப்படி கோணலா, ஆல்க்கு ஓவும் கரெக்ட்டுக்கு கேயும் முதலெழுத்தா வர்ற மாதிரி எழுதி சுருக்கி பாஸ்டன் மார்னிங் போஸ்ட்ங்கற பத்திரிகை அந்த வருஷம் மார்ச்சுல ஓகேன்னு போட்டுச்சு. அது கூட வந்த மத்த ஜோக்கெல்லாம் செத்துப் போச்சு, இது மட்டும் தப்பிச்சதுக்கு ஒரு முக்கிய காரணம் அடுத்த வருஷம் வந்த ஜனாதிபதி தேர்தல். வேட்பாளர் மார்ட்டின் வான் பியூரன் பொறந்த ஊரு கிண்டர்ஹூக், செல்லப் பேரு ஓல்ட் கிண்டர்ஹூக், அதுவும் சுருக்குனா ஓகேதான், கட்சிக்காரங்களுக்கு கோஷமே கிடைச்சிருச்சு. அவர் தோத்துட்டார். வார்த்தை ஜெயிச்சிருச்சு.

இப்ப அதே ஓகே, 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனெரீஃப் தீவு ஏர்போர்ட். பனிமூட்டம், எதிர்ல இருக்கறது தெரியல, ஒரே ரன்வேல ரெண்டு பெரிய போயிங் 747 விமானம். நெதர்லாந்து கம்பெனி கே.எல்.எம்.மோட ஃப்ளைட் கிளம்புறதுக்கு ஒரு முனையில நிக்குது, அமெரிக்க கம்பெனி பான் ஆமோட ஃப்ளைட் அதே ரன்வேல மெதுவா வந்துட்டிருக்கு. ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல இருந்து கே.எல்.எம்.முக்கு மேல போனதும் எந்தப் பக்கம் திரும்பணும்னு ரூட் சொல்றாங்க, அந்தப் பேச்சுக்குள்ளயே டேக்-ஆஃப்ங்கற வார்த்தை வருது, ஆனா அது கிளம்பலாம்ங்கற அனுமதி கிடையாது. அதத் திருப்பிச் சொன்ன துணை பைலட் கடைசியில நாங்க இப்ப டேக்-ஆஃப்ல இருக்கோம்ங்கற மாதிரி ஒண்ணு சொல்றார். டேக்-ஆஃப் பண்ற இடத்துல தயாரா நிக்கிறோம்னு அர்த்தமா, இல்ல பண்ணிட்டே இருக்கோம்னு அர்த்தமா? டவர்ல இருந்தவர் முதல் அர்த்தத்த எடுத்துக்கிட்டு ஓகேன்னார். ஒரு சின்ன இடைவெளி விட்டு, வெயிட் பண்ணுங்க நான் கூப்பிடுறேன்னும் சொன்னார். ஆனா அதே நொடியில பான் ஆம்காரங்களும் ரேடியோல பேச, ரெண்டும் மோதி கே.எல்.எம். காக்பிட்ல கீச்சுன்னு ஒரு சத்தம், தெளிவா விழுந்தது அந்த ஓகே மட்டும்தான். 583 பேர் செத்தாங்க. வார்த்தை மட்டுமே காரணம்னு நான் சொல்லல, கேப்டன் அனுமதி வராமயே ஃப்ளைட்ட நகர்த்திட்டார், பனி வேற. ஆனா அதுக்கப்புறம் விதிய மாத்தினாங்க. டேக்-ஆஃப்ங்கற வார்த்தைய நிஜமாவே கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அத கேன்சல் பண்ணும்போதோ மட்டும்தான் சொல்லணும், மத்த நேரமெல்லாம் டிபார்ச்சர்னுதான் சொல்லணும்.

டெக்னிக்கல் வார்த்தைன்னா இதுதாங்க. பெருசா கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் இருக்கணும்னு இல்ல, சாதாரண வார்த்தைக்கு வேலி போட்டுட்டா அது டெக்னிக்கல். ஸ்லாங்குக்கு வேலியே கிடையாது, நேத்து ஒரு அர்த்தம் இன்னைக்கு ஒரு அர்த்தம், யாரும் கேக்க முடியாது.

ஆனா ரெண்டும் பொறக்குற இடம் ஒண்ணுதான், ஒரு சின்ன கூட்டம். கிழக்கு லண்டன் காக்னிக்காரங்க, அதாவது அங்க இருக்கற உழைக்கும் ஜனங்க, தலைக்கு, ஹெட்ங்கறதுக்கு ரைம் வர்ற மாதிரி லோஃப் ஆஃப் ப்ரெட்னு வச்சாங்க, அப்புறம் ரைம் வர்ற பகுதியையே வெட்டிட்டு வெறும் லோஃப்னு விட்டுட்டாங்க. யூஸ் யுவர் லோஃப்னா மூளைய யூஸ் பண்ணுன்னு அர்த்தம், வெளியாளுக்கு தலையும் புரியாது காலும் புரியாது. டாக்டர்கள் பேசுறதும் வெளியாளுக்கு இதே கதிதான், என்ன, அவங்க மறைக்கறதுக்காக பேசல, தப்பு நடந்துடக் கூடாதுன்னு பேசுறாங்க.

ஒரே வார்த்தை ரெண்டு பக்கமும் நின்னா இன்னும் வேடிக்கை. க்ரானிக் இருக்கே, டாக்டர் சொன்னா ரொம்ப நாளா இருக்கற நோய், அவ்ளோதான், கடுமையா இருக்கா லேசா இருக்காங்கறது அதுல இல்ல. பிரிட்டன்ல சாதாரணமா ஒருத்தர் க்ரானிக்னு சொன்னா படு மோசம். அமெரிக்க ஸ்லாங்ல நல்ல வீரியமான கஞ்சா! அக்யூட்டும் அப்படித்தான், ரிப்போர்ட்ல அத பாத்ததும் ஐயோ முத்திப்போச்சுன்னு அழ ஆரம்பிச்சுடுறோம், அது திடீர்னு ஆரம்பிச்சதுன்னுதான் சொல்லுது. டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்தா சந்தோஷப்படக் கூடாதுங்கறத மட்டும் கொரோனா நம்ம எல்லாருக்கும் நல்லாவே சொல்லிக் கொடுத்துட்டு போயிடுச்சு. ஆராய்ச்சிகள்ல சிக்னிஃபிகன்ட்னு வந்தா பெரிய வித்தியாசம்னு அர்த்தமில்ல, தற்செயலா மட்டுமே இப்படி வர்றது அபூர்வம்னுதான் அர்த்தம், வித்தியாசம் எறும்பளவு கூட இருக்கலாம். வானியல்காரங்க ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மத்த எல்லாத்தையும் மெட்டல்ங்கறாங்க, நாம மூச்சு விடுற ஆக்சிஜனும் அவங்களுக்கு உலோகம்.

எந்த அர்த்தம் செல்லும்னு கோர்ட்டு வரைக்கும் கூட போயிருக்காங்க. 1883ல அமெரிக்கா வந்து இறங்குற காய்கறிக்கு வரி போட்டுச்சு, பழத்துக்கு போடல. தக்காளி வியாபாரிங்க, தக்காளி தாவரவியல்படி பழம்தானே, கட்டுன வரிய திருப்பிக் கொடுங்கன்னு கேஸ் போட்டாங்க. நியாயமான வாதம்னுதான் எனக்கும் படுது. 1893ல சுப்ரீம் கோர்ட் தாவரவியல்படி பழமேதான்னு ஒத்துக்கிட்டு, ஆனா ஜனங்க அத சாப்பாட்டோடதானே சாப்பிடுறாங்க, ஸ்வீட் மாதிரி கடைசியில யாரும் சாப்பிடுறதில்லயே, அதனால வரிக்கு அது காய்தான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. டெக்னிக்கல் அர்த்தம்தான் எப்பவும் ஒசத்தின்னு நினைக்கறவங்களுக்கு இது நல்ல மருந்து.

ஸ்லாங்க பத்தி ஒரு வார்த்தை. கத்துக்குங்க, காதுல விழுந்தா புரியணும், ஆனா பேச அவசரப்படாதீங்க. சிக்னா சூப்பர்னு அர்த்தம் வர்றது சொல்றவர் வயசுலயும் குரல்லயும்தான் இருக்கு, மேனேஜருக்கு மெயில்ல எழுதினா லீவு கேக்குறீங்கன்னு நினைச்சுக்குவார்.

டிக்‌ஷனரில அர்த்தத்துக்கு முன்னாடி இன்ஃபார்மல், லா, மெடிசின், பிரிட்டிஷ், யு.எஸ்.னு குட்டியா லேபிள் போட்டிருக்கும், நாம அத படிக்கறதே இல்ல. டேபிள்ங்கற வார்த்தைய போய் பாருங்க. மீட்டிங்ல ஒரு விஷயத்த டேபிள் பண்ணுங்கன்னா பிரிட்டன்ல இப்பவே எடுத்து பேசலாம்னு அர்த்தம், அமெரிக்காவுல இப்ப வேணாம் ஒத்திப்போடுன்னு அர்த்தம். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ரெண்டு நாட்டு ராணுவத் தலைமையும் உக்காந்து ஒரு பேப்பர டேபிள் பண்ணலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் காரசாரமா சண்டை போட்டிருக்காங்க, சர்ச்சில் எழுதி வச்சிருக்கார். ரெண்டு தரப்புமே அத உடனே பேசணும்னுதான் கேட்டிருக்காங்க.