காலணாவும் கல்கத்தா டிராமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொல்கத்தாவில் எஸ்பிளனேடு டிராம் நிலையத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. படியேறித்தான் உள்ளே போனேன்; ஆனால் ஏறியது டிராம் வண்டியின் படி. 1938இல் கட்டிய இரட்டைப் பெட்டி டிராம் அது. 2014இல் அதையே அருங்காட்சியகம் ஆக்கி, ஸ்மரணிகா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு பெட்டியில் பழம்பொருள்கள், மற்றதில் தேநீர்.

கண்டக்டர் தொப்பி, வில்லை எல்லாம் பார்த்தேன். ஆனால் கால் நின்றுவிட்டது டிக்கெட்டுகளின் முன்னால். இரண்டு விரல் அகலத் தாள். இதற்கா அத்தனை ரகளை?

1953 ஜூலை. டிராம் கம்பெனி அப்போது ஆங்கிலேயர்களுடையது. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரு பைசா ஏற்றினார்கள். இப்போதைய பைசா அல்ல. ரூபாய்க்கு அறுபத்து நான்கு, நம் பாட்டிமார் சொல்வார்களே, காலணா, அதுதான். பழைய கட்டணத்தைத்தான் தருவோம் என்று பயணிகள் அடம்பிடித்தார்கள். டிராம்கள் எரிந்தன. காலணாவுக்காக, மறுபடியும் சொல்கிறேன், காலணாவுக்காக ஊரே தெருவில் இறங்கியது. கடைசியில் கட்டண உயர்வைத் திரும்பப் பெற்றார்கள்.

அதே 1953இல், ஏப்ரல் மாதம், சென்னையில் டிராம் அடியோடு நின்றுபோனது. இத்தனைக்கும் நாம் முந்தியவர்கள். 1895இல் இங்கே மின்சார டிராம் ஓடியபோது கல்கத்தாவில் குதிரைதான் இழுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மின்சாரம் வந்தது 1902இல். நம்மவர்கள் முதலில் மின்சாரத்தைத் தெருவுக்கு அடியில் கொண்டுபோனார்கள். சென்னை மழை விடுமா? பிறகு கம்பியைத் தலைக்கு மேலே கட்டினார்கள்.

என் தாத்தா மயிலாப்பூரிலிருந்து டிராமில் வேலைக்குப் போனவர். கடைசி டிராம் போன இரவைப் பற்றி நூறு முறை சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் வழியனுப்ப வந்த கூட்டம் பெருகிக்கொண்டே போகும். "சரி தாத்தா, ஒரு டிக்கெட்டாவது எடுத்து வைத்தீர்களா?" என்று கேட்டேன். "டிக்கெட்டை யாரடா வைத்துக்கொள்வான், இறங்கினதும் காது குடைந்துவிட்டு எறிந்துவிடுவோம்" என்றார். அவர் போன பிறகு அவருடைய தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். ரேஷன் கார்டு இருந்தது, மூக்குக் கண்ணாடி இருந்தது. டிக்கெட் இல்லை.

நம் ஊர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்து வந்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். 2002இல் திறந்தது, பழைய பெட்டிகள் உண்டு, குழந்தைகளுக்குச் சின்ன ரயிலும் உண்டு. வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். வணக்கம்.