உடுக்கை யார் கையில்? ஊர்த்தெரு அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அக்கா, அண்ணன்மாரே, முளைப்பாரியைக் கோயிலில் இறக்கி வைத்துவிட்டு வந்து மணலில் உட்கார்ந்திருக்கும் தேவிபட்டினத்துத் தாய்மாரே, எல்லாருக்கும் வணக்கம்.

"தெய்வ ஆடலின் பொருள் விளங்குவது கோயில் சபையிலா, ஊர்த்தெருவிலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அக்கா சிதம்பரம் பொன்னம்பலத்தில் ஆரம்பித்துக் குற்றாலம் சித்திரசபை வரை, நடராசர் ஆடுகிற ஐந்து சபைக்கும் நம்மைக் கூட்டிப் போனார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலும் நடராசர் ஆட்டத்தில்தான் இருக்கிறது, தெருவில் ஆடுவது வெறும் ஆவேசம் என்று முடித்தார். சரி, அந்த நடராசரையே என் சாட்சியாகக் கூப்பிடுகிறேன்.

ஐயா, அவருடைய பின் வலக்கையில் என்ன இருக்கிறது? மிருதங்கமா? உடுக்கை! படைத்தல் அந்த உடுக்கையில் என்பது சைவ சித்தாந்தம். அதை இன்றைக்கு அடிப்பவர் யார்? எங்கள் ஊர்க் கோடாங்கி. பின் இடக்கையில் நெருப்பு, அது அழித்தல். நெருப்பைக் கையில் ஏந்தி ஆடுகிறவர் யார்? நாளை ராத்திரி இதே தெருவில் வேப்பிலை சொருகிய தீச்சட்டியோடு வரப்போகிற எங்கள் அத்தை. அப்புறம் அந்தத் தூக்கிய திருவடி, அது அருளல். ஒருத்தி ஆட ஆரம்பித்தால் இந்த ஊரில் என்ன சொல்கிறோம்? "அருள் வந்திருச்சு" என்கிறோம். சித்தாந்தத்தில் ஒரு வரி படிக்காத வாய்க்கு அந்தச் சொல் எப்படி வந்தது, அக்கா?

அத்தையைச் சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மாமா கடலுக்குப் போகிறவர். வருஷம் முழுக்க அத்தை குரல் அடுப்படியைத் தாண்டாது. கொழுந்தன் வந்தால்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசும். அருள் வந்தால், அதே அத்தை ஊர்ப் பெரியவரை "டேய், இங்க வாடா" என்று கூப்பிடும். "தம்பி பொண்டாட்டி பங்கை இன்னும் ஏன்டா பிரிச்சுக் குடுக்கல?" என்று ஒரு வருஷம் ஊர் முன்னால் கேட்டது. பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். அடுத்த மாசமே பங்கு பிரிந்தது. பஞ்சாயத்தில் நாலு தடவை பேசியும் தீராத விஷயம் அது. சபையில் ஆடுகிறவர் சாமியாக அபிநயம் பிடிக்கிறார், நாம் ரசிக்கிறோம். தெருவில் ஆடுகிறவளிடம் திருநீறு வாங்குகிறோம்.

கோயிலுக்குள் சதங்கை கட்டி ஆடிய பெண்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அவர்கள் பட்ட பாட்டுக்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் வேண்டும். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழித்துச் சட்டம் வந்தது; அதற்கு முன்பே அந்த ஆட்டம் சென்னை மேடைகளுக்குக் குடிபோய்விட்டது. ஆனால் சங்கப் பாட்டில் முருகனின் பூசாரியான வேலன் சாமி வந்து வெறியாடியது மணல் பரப்பிய வீட்டு முற்றத்தில். அந்த மணலில்தான் இப்போதும் உட்கார்ந்திருக்கிறோம்.

"உங்கள் மாவட்டத்திலேயே மரகத நடராசர் இருக்கிறாரே" என்று அக்கா மடக்கினார். அவர் இருக்கும் உத்தரகோசமங்கைக் கோயில் எங்கள் கண். மார்கழித் திருவாதிரைக்கு நானும் வரிசையில் நிற்கிறவன்தான். ஆனால் வழக்கமாக அந்த ஒரு நாள் தவிர வருஷம் முழுக்க அவர் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். ஏன்? கொட்டுச் சத்தத்தை மரகதம் தாங்காது என்பார்கள் பெரியவர்கள். ஆடவல்லானுக்கே அங்கே கொட்டுச் சத்தம் ஆகாது! மற்ற நாளெல்லாம் உடுக்கை கேட்க அவர் எங்கே வருவார்? எங்கள் தெருவுக்குத்தான் வரவேண்டும்.

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். அடுத்து பேச வரும் அண்ணனுக்கு ஒரே கேள்வி. அந்த உடுக்கை, அந்த நெருப்பு, இரண்டில் எது உங்கள் சபையில் ஆடுகிறவர் கையில் இருக்கிறது? பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.