200 கிராம் லூரை எவ்ளோ தூரம் வீசலாம்? கேத்தி கேரட் காட்டுல கிறுக்கு யோசனைங்க

வணக்கம் மக்களே! இது ஊட்டி பக்கத்துல கேத்தி, அறுவடை முடிஞ்ச கேரட் காடு. தண்ணி எங்கன்னு தேடாதீங்க, இன்னைக்கு தண்ணியே கிடையாது. தூரம் வீசறதைப் பழக வெறும் தரைதான் சரி. லூரு, அதாவது மீன் பிடிக்க வீசற போலி இரை, அதுல இருக்கற தூண்டில் முள்ளு மூணையும் கழட்டியாச்சு.

கையில இருக்கறது மூணு துண்டா மூட்டு போட்ட லூரு. 25 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் உயரம், 200 கிராம். அவலாஞ்சி அணை டிரவுட்டு மீன் இதைப் பார்த்தா இரைன்னு நினைக்காது, ஊர்லேருந்து பெரியப்பா வந்துட்டாருன்னுதான் நினைக்கும். பரவால்ல. நமக்கு மீன் வேணாம், மீட்டர்தான் வேணும்.

முதல்ல கணக்கு. செகண்டுக்கு 30 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர், மீடியம் பேஸ் பவுலிங்னு வெச்சுக்கங்க. 45 டிகிரியில விட்டா, காத்தே இல்லாத உலகத்துல 92 மீட்டர் போகும். ஆனா இந்த லூரு பறக்கும்போது மூட்டு மடங்கி குறுக்கே திரும்பிக்கும். அப்படித் திரும்பின நொடியில காத்து அதைப் பின்னாடி இழுக்கற விசை அதோட எடையைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. அவ்ளோதான், ஈரத்துணியை வீசின மாதிரி பாதி வழியிலயே தொப்புனு விழும். நேரா குச்சி மாதிரி போனா அந்த இழுவை எடையைவிடக் கம்மி. அதனால கையில பலம் கூட்டறதைவிட லூரை நேரா வெச்சுக்கறதுதான் வேலை. ஊட்டி உயரத்துல காத்து கடற்கரையைவிட அஞ்சுல ஒரு பங்கு லேசு, அது மட்டும் நமக்கு இனாம்.

அதுக்கு என் யோசனை பி.வி.ஏ. டேப்பு. கெண்டை பிடிக்கறவங்க இரையைக் கட்டறது, தண்ணி பட்டா கரைஞ்சுடும். ரெண்டு மூட்டு மேலயும் மூணு சுத்து சுத்தி விறைப்பாக்கிட்டா வால் முன்னாடி, மூக்கு பின்னாடின்னு அம்பு மாதிரி போகும். வால் பக்கம் கனமா இருக்கணும். சில லூருக்குள்ள இதுக்காகவே இரும்பு குண்டு உருளும். வீசறப்போ வாலுக்கு ஓடும், இழுக்கறப்போ முன்னாடி இருக்கற காந்தத்துல ஒட்டிக்கும். டேப்புல ஒரே சிக்கல், நம்ம ஊரு. மூடுபனிக்கும் தண்ணிக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. காய்ஞ்ச கையால, டப்பாவுலேருந்து எடுத்த உடனே சுத்தணும்.

அடுத்தது ரெண்டு கம்பம் நட்டு, ரப்பர் டியூப் கட்டி ஒரு ராட்சச உண்டிவில். லூரு போயிடும், நூல் போகாது. சும்மா கிடக்கற நூல் ஒரே நொடியில 30 மீட்டர் வேகத்துக்கு வரணும்ல, அங்கதான் பட்டுனு அறுகும். கப்பல்ல உயிர்காக்கக் கயிறு எறியற ராக்கெட்டுக்கு 230 மீட்டர் போகணும்னு சர்வதேச விதியே இருக்கு. அதுல கயிறை வரிசையா மடிச்சு வெச்சிருப்பாங்க. நம்ம பிரெய்டை, அதாவது பின்னல் நூலை, பக்கெட்டுல சுருட்டிப் போட்டா சிக்கலாகி குருவிக்கூடுதான் பறக்கும். நூல் சுத்தற ஸ்பின்னிங் ரீலைத் தரையில படுக்க வெச்சு, ஸ்பூல் (நூல் உருளை) முகத்தை வீசற திசைக்குத் திருப்பி, நூலை ஸ்பூல்ல சுத்திவிடற பெயில் கம்பியைத் திறந்து ரப்பர் பேண்டு போட்டு நிறுத்துங்க. பறக்கறப்போ பெயில் மூடிக்கிட்டா கதை முடிஞ்சுது.

பட்டம் வழி உலகத்துல பழசு. சாலமன் தீவுல இலைப் பட்டத்துல சிலந்தி வலையைத் தொங்கவிட்டு மீன் பிடிச்சாங்க, முள்ளே கிடையாது. ஆனா 200 கிராம் தூக்கற பட்டத்துக்கு காத்து சீரா வேணும். பள்ளத்தாக்குல காத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் திரும்பும், லூரு கற்பூர மரத்து உச்சியில காய்க்கும். ரிமோட் படகுல வெச்சு அனுப்பலாம். நல்லா வேலை செய்யும், அதனாலயே சுவாரஸ்யம் இல்ல.

ராடுலயே, அதாவது தூண்டில் கம்புலயே வீசறவங்க இதை மட்டும் கவனிங்க. ராடு மேல எழுதியிருக்கற எடையைத் தாண்டாதீங்க. 10-30 கிராம் ராடுல இதை மாட்டினா முதல்ல பறக்கறது ராடு முனைதான். வீசற அடியைத் தாங்க பிரெய்டு முனையில கட்டற தடிச்ச நூல்தான் லீடர். 28 கிராமுக்கு 10 பவுண்டு தாங்கற லீடர்னு கணக்கு, அப்போ 200-க்கு 70 பவுண்டு. 12 அடி ராடுக்கு லீடர் 10 மீட்டர் வேணும், வீசறதுக்கு முன்னாடி ஸ்பூல்ல ஆறு ஏழு சுத்து இருக்கணும். இல்லைன்னா முழு அடியும் மெல்லிசு பிரெய்டு மேல விழும், லூரு தனியா எங்கயோ போகும். எங்கன்னு யாருக்கும் தெரியாது, அதான் பயம். ரெண்டு நூலையும் சேர்க்க எஃப்.ஜி.ங்கற மெல்லிசு முடிச்சு, தடிச்ச முடிச்சுன்னா ராடு வளையத்துல தட்டும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழ வரைக்கும் நூல், அதுக்கு மேல நிரப்பினா சுருள் சுருளா கொட்டும். ஆள்காட்டி விரலுக்குத் தோல் உறை கட்டாயம், பிரெய்டு பிளேடு மாதிரி.

அணைக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா அனுமதிச் சீட்டு இல்லாம ராடை வெளியவே எடுக்காதீங்க.

சரி, டேப்பு சுத்தியாச்சு. கீழேருந்து மிஸ்ட் ஏறி வருது. முதல் சுத்து இப்பவே வழவழன்னு ஆகுது பாருங்க, பேசினது போதும், வீசிடறேன்!